மூச்சுக்கு மடங்கும் கை

கிழக்கேகோட்டையில் கல்யாணப் பட்டு எடுக்க வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு லிங்கத்தைத் தெரியும். பெயர் தெரியாது, அந்த இடது கையைத் தெரியும். ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில், பட்டுப் பிரிவில், நாலாவது மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு சேலையை ஒரே உதறில் விரிப்பான். முந்தியை எடுத்துத் தன் தோளிலேயே போட்டுக்கொள்வான். பிறகு இடது முழங்கையை மடக்கி, முந்தி அந்தக் கையின் மேல் வழிந்து விழும்படி விட்டு, கண்ணாடிப் பக்கம் லேசாகத் திரும்புவான். அவ்வளவுதான். ஒன்று எடுக்க வந்தவள் இரண்டு எடுத்துக்கொண்டு போவாள்.

இந்தக் கையைத்தான் அவன் மனைவி உலகம்மை இருபத்திரண்டு வருஷமாகக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தாள்.

திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாள மண்ணுக்குக் கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளுக்கு ஸ்ரீவராகத்தில் அதே வாடகை வீடுதான். நல்லவள். தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதலில் ரசத்தோடு போய் நிற்கிறவள். ஆனால் புருஷன் விஷயத்தில் அவளுக்கு இருந்த பொறாமைக்கு மருந்தே கிடையாது. அவன் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே விசாரணை ஆரம்பமாகிவிடும்.

"இன்னைக்கு எத்தன பேருக்கு முந்தி போட்டுக் காமிச்சீங்க?"

"எண்ணிக்கிட்டா இருக்க முடியும்? யாவாரம்ட்டி."

"யாவாரம்னா மேசையில விரிக்கணும். ஒங்க தோள்ல என்னத்துக்கு விரிக்கணும்? அங்க பொம்மைக்கா பஞ்சம்?"

அவன் சிரித்துக்கொண்டே கைகால் கழுவப் போய்விடுவான். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரியும்.

உண்மையில் அவளை உறுத்தியது வேறு. அவளுக்குச் சேலை வேண்டுமென்றால் அவனே ஒன்றை எடுத்து, பையில் சுருட்டிக் கொண்டுவந்து, சமையல்கட்டில் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் வைப்பான். "ஒனக்கு இது எடுக்கும்" என்பான். எடுக்கத்தான் செய்யும், நிறம் ஒருநாளும் தப்பியதில்லை. ஆனால் விரித்துக் காட்டியதில்லை. அவளே கட்டிலில் விரித்துப் பார்த்து, அவளே மடித்து வைத்துக்கொள்வாள். ஊரில் கண்டவளுக்கெல்லாம் விரிகிற கை தனக்கு மட்டும் விரியவில்லையே என்ற வயிற்றெரிச்சலை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கடைக்கும் போனதில்லை. போய், பார்த்துவிட்டால், அப்புறம் தூக்கம் வராது என்று அவளுக்கே தெரியும்.

அந்தக் கைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழையில், கழக்கூட்டம் ரோட்டில் போயிற்று.

மகள் திவ்யலட்சுமி அங்கே ஒரு ஐடி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தாள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது லிங்கத்தின் ஸ்கூட்டர் சறுக்கியது. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. இடது தோள் போய் நடுரோட்டுச் சுவரில் மோதியது. எலும்பு எதுவும் முறியவில்லை என்று சொன்னபோது உலகம்மை சாமிக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். அவசரப்பட்டுவிட்டாள். எலும்பு முறியவில்லை, கை மட்டும் தோளிலிருந்து தொங்கியது. விரல்கள் கொஞ்சம் அசைந்தன. முழங்கை மடங்கவில்லை, தோள் தூக்கவில்லை. நாலு மாதம் பார்த்தார்கள், தன்னால் எதுவும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் அறுவைசிகிச்சை என்றார் டாக்டர்.

அவர் ஒரு காகிதத்தில் கழுத்தையும் கையையும் வரைந்து காட்டினார். கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகளின் வேர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதைத் திருப்பி ஒட்டவைக்க முடியாது. ஆனால் விலா எலும்புகளுக்கு நடுவே மூச்சு இழுக்க உதவுகிற நரம்புகள் இருக்கின்றன. அதில் மூன்றை எடுத்துக் கைத்தசைக்குப் போகிற நரம்போடு இணைப்பேன். தோளுக்கு வேறொரு நரம்பைக் கழுத்துப் பக்கத்திலிருந்து திருப்பிவிடுவேன் என்றார்.

"மூச்சு விடுத நரம்பக் கைக்குக் குடுத்துட்டா, மூச்சு?" என்று கேட்டாள் உலகம்மை.

டாக்டர் சிரித்தார். அதற்கு மிச்சம் நிறைய நரம்பு இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். "ஆனா ஒண்ணு. நரம்பு வளர்ந்து தசைக்குப் போய்ச் சேர ஆறு மாசம் ஆகும். அப்புறமும் கொஞ்ச காலத்துக்கு அவர் மூச்சை இழுத்தால்தான் கை மடங்கும். இருமினா மடங்கும், சிரிச்சா மடங்கும். விடாம பயிற்சி செஞ்சா, போகப்போக மூளை பழகி, மூச்சு இல்லாமலே மடக்கும்."

ஒன்பது மணி நேரம் அறுத்தார்கள். நெஞ்சில் ஒரு நீளத் தழும்பு, கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று.

அதற்கப்புறம் வந்த மாதங்களில் உலகம்மை அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டாள், பொத்தான் போட்டுவிட்டாள், குளிக்க வார்த்தாள். கடையில் அவனுக்குக் கீழ்த்தளத்தில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். வருகிறவர்களின் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிற வேலை. நாலாவது மேசைக்கு ஷிபின் என்றொருவன் வந்தான். லிங்கம் இதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னான். அவனுக்காக உலகம்மையின் நெஞ்சு வலித்தது நிஜம். அதே நெஞ்சின் ஒரு மூலையில், இனி எவளுக்கும் முந்தி போட முடியாதல்லவா என்று ஒரு சின்னச் சந்தோஷம் உட்கார்ந்திருந்ததும் நிஜம். பத்மநாபசாமி கோயிலுக்குப் போனால் அந்த மூலையை மட்டும் சாமிக்குக் காட்டாமல் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. அங்கேதான் அஸ்வதி வந்து சேர்ந்தாள்.

முப்பது வயது இருக்கும். வெள்ளைக் கோட்டு, ஒற்றைப் பின்னல், கல்யாணமாகவில்லை. இந்த மூன்றையும் உலகம்மை முதல் நாளே குறித்துக்கொண்டாள். அஸ்வதி லிங்கத்தின் கையைப் பவுடர் தடவிய பலகையில் கிடத்தி, தசை மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "சேட்டா, ஸ்வாசம் எடுக்கூ. இனியும், இனியும். பிடிக்கூ!" என்று மலையாளத்தில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வாள். அவன் நெஞ்சை நிமிர்த்தி இழுப்பான். கை செத்துக் கிடக்கும். மாதக்கணக்காக இதேதான். ஒவ்வொரு முறையும் உலகம்மை பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் இழுக்கும்போது தானும் மூச்சை இழுப்பாள்.

ஏழாவது மாதத்தில் ஒருநாள் அவள் கேண்டீனுக்குச் சாயா வாங்கப் போனாள். பத்து நிமிஷம் இருக்குமா? திரும்பி வந்தால் உள்ளே ஒரே கூச்சல்.

"கிட்டி! சேச்சி, கிடைச்சு! தசை துடிச்சு!" அஸ்வதி லிங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். லிங்கத்தின் கண்ணில் தண்ணீர். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். உலகம்மை கையில் சாயாவோடு வாசலில் நின்றாள்.

ஏழு மாதம் எண்ணெய் தேய்த்தவள் அவள், ஆனால் அந்தக் கை முதன்முதலாகத் துடித்தது இன்னொருத்தியின் விரலுக்கடியில். அதுவும் தான் அந்தப் பக்கம் நகர்ந்த நேரம் பார்த்து!

வீட்டுக்கு வந்ததும், "எங்க, எனக்குக் காமிங்க" என்றாள். அவன் மூச்சை இழுத்தான். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தான். கை மடியில் கிடந்தது கிடந்தபடி இருந்தது.

"அசந்துட்டேன்ட்டி. நாளைக்குப் பாப்போம்" என்றான்.

"அசரத்தான் செய்வீங்க" என்றாள் அவள்.

அதிலிருந்து அவள் கண் அந்த முழங்கையை விட்டு அகலவில்லை. வாரங்கள் போகப்போகத் துடிப்பு அசைவாயிற்று, அசைவு கொஞ்சம் மடக்கமாயிற்று. அப்போதுதான் அவள் அதைக் கண்டுபிடித்தாள். அஸ்வதி கதவைத் திறந்துகொண்டு வருவாள். இன்னும் 'ஸ்வாசம்' என்று வாயே திறந்திருக்க மாட்டாள். லிங்கத்தின் கை மடியிலிருந்து விசுக்கென்று இரண்டு அங்குலம் எழும்பும்! ஒருநாள் இரண்டு நாள் அல்ல, ஏழு முறை எண்ணினாள், ஏழு முறையும் எழும்பியது. ஒருநாள் வீட்டில் போனில் அஸ்வதி பேச, அந்தக் குரலுக்கே எழும்பியது.

மறுநாள் உலகம்மை தலைக்குக் குளித்து, அரக்குப் பட்டைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். லிங்கம் நிமிர்ந்து பார்த்து, "எங்கட்டி கெளம்பிட்ட?" என்று கேட்டான். கை அசையவில்லை.

மூச்சுதான் கை. அவளைப் பார்த்தால் மூச்சு ஏறுகிறது, என்னைப் பார்த்தால் ஏறவில்லை. வாய் பொய் சொல்லும், இருபத்திரண்டு வருஷம் சிரித்து மழுப்பும். விலா எலும்பிலிருந்து வருகிற நரம்புக்குப் பொய் சொல்லத் தெரியுமா? டாக்டரே தன் கையால் ஒரு சாட்சியை உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார் என்று உலகம்மை முடிவு கட்டினாள்.

முடிவு கட்டியவள் சும்மா இருக்கவில்லை. "அந்தப் பொண்ணு லீவாம். எப்ப வருவான்னு தெரியாதாம். வந்தா கூப்பிடுதேன்னு சொல்லிருக்கா" என்று புருஷனிடம் சொன்னாள். அஸ்வதிக்குப் போன் போட்டு, குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் போகிறோம், அங்கேயே பயிற்சி செய்துகொள்வோம் என்றாள். இரண்டு பொய்யும் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. லிங்கம் நம்பினான். அவன் எதையும் நம்புவான். அதுதான் அவனிடம் இருக்கிற குணம்.

அன்று முதல் பயிற்சி உலகம்மையின் கையில். பூரிப்பலகையில் பவுடரைக் கொட்டி, அவன் கையைக் கிடத்தி, அஸ்வதி மாதிரியே விரலை வைத்துக்கொண்டு, "மூச்ச இழுங்க" என்றாள். எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாமல் வைத்த விரல். லிங்கம் இழுத்தான். கை கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அவள் குரல் ஏற ஏற அவன் மூச்சு குழம்பியது. கடைசியில் பொறுமை போய் மிளகைப் பொடித்து அவன் மூக்கருகே ஊதினாள். லிங்கம் தும்மினான், கை விசுக்கென்று எழும்பி மோர்ச் செம்பைத் தட்டிவிட்டது. தரையெல்லாம் மோர். உலகம்மைக்கு ஒரு கணம் ஆனந்தம். துடைக்கும்போதுதான் இது மிளகுக்கு மடங்கியது, தனக்கு அல்ல என்று உறைத்தது.

ஆறு வாரம் இப்படிப் போயிற்று. முழங்கையில் ஒரு இறுக்கம் விழ ஆரம்பித்தது. தோளை அசைத்தால் வலி. ஓணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. கடை முதலாளி சொல்லி அனுப்பினார்: "ஓணத்துக்குக் கை சரியாச்சுன்னா நாலாவது மேசை லிங்கத்துக்குத்தான். இல்லேன்னா ஷிபின் அங்கேயே நிக்கட்டும்."

அதற்கப்புறம் லிங்கம் தினமும் காலையில் ஒரே கேள்வியைக் கேட்டான். "அந்தப் பொண்ணு லீவு முடிஞ்சு வந்துட்டாளாட்டி?"

கேட்கிற ஒவ்வொரு முறையும் உலகம்மைக்கு முள்ளாகக் குத்தியது. எவ்வளவு ஏக்கம் பார், என்று நினைத்துக்கொள்வாள். "இன்னும் வரல" என்பாள்.

சனிக்கிழமை திவ்யா வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தவளுக்கு முகம் மாறிவிட்டது. "எந்தா அம்மா இது? முழுசா நீட்டவே முடியலயே? முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு." அம்மா பதில் சொல்வதற்குள் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அஸ்வதியைக் கூப்பிட்டாள்.

"நீங்க திருநெல்வேலியில அல்லே?" என்றது போன். "அங்கேதான் தெரபி எடுக்கிறதுன்னு அம்மை பறஞ்ஞதே?" "நீ லீவுன்னு சொன்னாளே?" என்றான் லிங்கம். "நான் லீவா? இல்லல்லோ, நான் ஒரு நாளும் லீவு எடுத்திட்டில்ல."

சட்டியில் தாளிதம் கருகிக்கொண்டிருந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

திவ்யா ஏதோ கத்த வாயெடுத்தாள். லிங்கம் கையமர்த்திவிட்டு மனைவியைப் பார்த்தான். "ஏன்?" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

உலகம்மைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அவளப் பாத்தா ஒங்க கை மடங்குது! அவ உள்ள வரும்போதே மடங்குது. என்னப் பாத்தா மடங்கல. நான் பட்டுக் கட்டிட்டு வந்து நின்னேன், அப்பவும் மடங்கல. நான் குருடியா? எண்ணிப் பாத்துட்டேன்."

லிங்கம் சிரிப்பான் என்று அவள் நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

"ஏட்டி, அவ வந்ததும் மொதல்ல தோளப் பிடிச்சு முறுக்குவா. நீ பாத்துருக்கியே. உசுரு போயி உசுரு வரும். வாசல்ல அவ தல தெரிஞ்சதும் நான் மூச்ச இழுத்து அடக்கிக்கிடுவேன். பயந்துட்டு. ஒன்னப் பாத்து நான் எதுக்குட்டி பயப்படணும்?" தொங்குகிற கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "இந்தக் கை வரலேன்னா நான் சாகுத வரைக்கும் பை வாங்கி வைக்குதவன்தான். வாரவ பையக் குடுக்கும்போது என் மொகத்தப் பாக்க மாட்டாட்டி. டோக்கனத்தான் பாப்பா."

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் குரல் நடுங்கி அவள் கேட்டதில்லை. உலகம்மை அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் எரிச்சலுக்குத் தீனியாக அவன் கையையே போட்டுவிட்டோம் என்று அப்போது விளங்கியது. பயம்தான் காரணம் என்று அவன் சொன்னதை அவள் பாதிதான் நம்பினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழுசாக நம்பினால் அவள் உலகம்மையே அல்ல.

திங்கட்கிழமை ஆட்டோ பிடித்து அவளே கூட்டிக்கொண்டு போனாள். அஸ்வதி கோபப்படவில்லை. கையை நீட்டி மடக்கி அளந்து எழுதினாள். "மூணு மாசம் பின்னாலே போயி" என்று மட்டும் சொன்னாள். ஓணத்துக்கு முடியாது என்பது மூவருக்கும் தெரிந்தது. பிறகு அவள் உலகம்மையின் கையைப் பிடித்து இழுத்து, லிங்கத்தின் மேல்கையில் ஒரு இடத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள்.

"சேச்சி, அங்கே அல்ல, இவிடெ. மற்றே கை விலாவுல வைக்கூ. சேட்டா, ஸ்வாசம் எடுக்கூ."

விலா விரிந்தது. ஒரு நொடி கழித்து, கொதிக்கப்போகிற பால் பாத்திரத்தின் மூடி அசைகிற மாதிரி, உலகம்மையின் விரலுக்கடியில் என்னவோ துள்ளியது. அவள் அஸ்வதியைப் பார்த்தாள். அஸ்வதி சிரித்தாள். இவள் நல்ல பெண்தான் என்பதை ஒப்புக்கொள்ள உலகம்மைக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த ஓணத்துக்கு நாலாவது மேசையில் ஷிபின் நின்றான். கீழே லிங்கம் பை வாங்கிக்கொண்டிருந்தான். உலகம்மை அந்தப் பத்து நாளும் தனக்கு எதுவும் புதிது எடுக்கவில்லை.

ஆனால் பயிற்சியைப் பேய் மாதிரி செய்தாள். தினமும் விடிந்ததும் அவனைக் கோட்டையைச் சுற்றி வேக நடை நடக்கவைத்தாள். வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் கை தானாக ஏறி இறங்கும். எதிரே வந்தவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து நின்றார்கள். அஸ்வதியிடம் ஒருநாளும் தவறாமல் கூட்டிக்கொண்டு போனாள். கேண்டீன் பக்கம் மட்டும் போகவில்லை. பிளாஸ்கில் சாயா கொண்டு போனாள்.

சாட்சியையும் அவள் விட்டுவிடவில்லை. சோறு போட்டுக்கொண்டே, "அஸ்வதி நேத்து நல்ல சுடிதார் போட்டிருந்தாள்லா?" என்று கேட்டுவிட்டு முழங்கையைப் பார்ப்பாள். "தெரியலயே" என்பான். கை அசையாது. நிம்மதியாக இன்னொரு கரண்டி சோறு போடுவாள்.

தை மாதம் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் திருநெல்வேலிக்குப் போய்விட்டு வந்தாள். அவ்வளவு நாள் அவள் அவனை விட்டுப் பிரிந்ததே இல்லை. பெட்டியோடு கதவைத் தட்டினாள். லிங்கம் திறந்தான். அவன் நெஞ்சு ஏறியது, அடுத்த நொடி இடது கை மடங்கி எழும்பி வயிறு வரைக்கும் வந்து நின்றது. அவனே அதைக் குனிந்து பார்த்து வெட்கப்பட்டான். உலகம்மை பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றாள். அன்று அவள் வைத்த புளிக்குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, அவன் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலை, அஸ்வதி லிங்கத்தின் கையில் அரைக்கிலோ எடையைக் கொடுத்தாள். "சேட்டா, ஸ்வாசம் பிடிக்காதே. கடையில சேலை விற்கிற மாதிரி என்னோட சம்சாரிச்சிட்டே, பேசிட்டே மடக்கூ."

"வாங்கம்மா, உக்காருங்க, என்ன மாதிரி பாக்குதீங்க, காஞ்சிபுரமா?" என்று லிங்கம் சொல்லிக்கொண்டே போனான். பேச்சு பேச்சாக இருந்தது, மூச்சு மூச்சாக இருந்தது, கை தன்பாட்டில் மடங்கி மேலே வந்தது. வேண்டுமென்றே இருமச் சொன்னாள் அஸ்வதி. இருமினான், கை அசையாமல் அப்படியே நின்றது. "பிரிஞ்சு போயி! இனி கை வேற, ஸ்வாசம் வேற!" என்று அவள் கத்த, எல்லோரும் கைதட்டினார்கள்.

உலகம்மையும் தட்டினாள். தட்டிக்கொண்டே அவளுக்குப் பகீரென்றது. சாட்சி போய்விட்டது. இனி அவன் யாரைப் பார்த்து மூச்சு ஏறினாலும் கை சொல்லாது. எல்லாப் பெண்டாட்டிகளையும் போலத் தானும் அவன் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், முகத்திலோ அந்தச் சிரிப்பு ஒன்றுதான் இருக்கிறது.

ஓணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது முதலாளி லிங்கத்தை மேலே ஏற்றினார். நாலாவது மேசை ஷிபினுக்கே போய்விட்டது. லிங்கத்துக்கு ஓரத்தில் ஆறாவது மேசை. அதற்கே அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். மூன்றாம் நாள் உலகம்மை அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, கிழக்கேகோட்டைக்கு நடந்து, இருபத்து நாலு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கடைக்குள் நுழைந்தாள். கீழே பையை வாங்கி வைத்தவரின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு மாடி ஏறினாள்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஒரு கல்யாணப்பெண், பக்கத்தில் அவள் அம்மா, அத்தைகள். லிங்கம் சேலையை உதறினான். பழைய உதறல் இல்லை, பாதிதான் வந்தது. முந்தியை எடுத்துத் தோளில் போட்டான். இடது கை மெல்ல மடங்கியது. வெங்காயநிறப் பட்டு அதன் மேல் வழிந்தது. அந்தப் பெண் "ஐயோ, எந்து பங்கி!" என்று அதன் அழகில் வாய்பிளந்தாள். உலகம்மை அவன் நெஞ்சையே பார்த்தாள். ஏறவில்லை, இறங்கவில்லை, சீராக இருந்தது. அதிலிருந்து என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை. பழைய வயிற்றெரிச்சல் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அவர்கள் எழுந்து போனார்கள். அப்போது லிங்கம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

கை விசுக்கென்று எழும்பியது. பட்டோடு சேர்ந்து மார்பு வரைக்கும் வந்தது. அதற்கப்புறம், ஞாபகம் வந்தவனைப்போல, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை விரித்து, ஒரு பெரிய மூச்சை இழுத்தான்.

உலகம்மை ஒரு வருஷம் ஒரு கையை அவன் விலாவிலும் ஒரு கையை அந்தத் தசையிலும் வைத்திருந்தவள். முதலில் விலா, பிறகுதான் கை. இவனுக்குக் கை முந்தி வந்துவிட்டது, மூச்சு பின்னால் ஓடி வந்தது. நடிக்கிறான்! அவளுக்காக, இத்தனை பேருக்கு நடுவில், மூச்சு வாங்கியவன் மாதிரி நடிக்கிறான். அதைச் சரியாகச் செய்யக்கூட அவனுக்குத் தெரியவில்லை.

அவள் போய் மேசைக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அந்த மாம்பழ மஞ்சள எடுங்க" என்றாள். "முந்தியப் போட்டுக் காமிங்க."

"ஏட்டி, வீட்டுக்குக் கொண்டு..."

"போட்டுக் காமிங்க."

லிங்கம் போட்டுக் காட்டினான். அவள் கண்ணாடியில் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். "அந்தப் பச்ச." காட்டினான். "அந்த நாவப்பழ நெறம்." காட்டினான். பக்கத்து மேசையிலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபத்து நாலு வருஷத்துச் சேலையை ஒரே நாளில் விரிக்கவைத்துவிடுவாள் போலிருந்தது. ஒன்பதாவது சேலைக்கு அவன் முழங்கை நடுங்கத் தொடங்கியது. அவன் அதைக் காட்டிக்கொள்ளாமல் சிரித்தான்.

உலகம்மை எழுந்து, மேசையைச் சுற்றி உள்ளே போய், பட்டுக்கு அடியில் கையை நுழைத்து அவன் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். விரல் தானாக அந்த இடத்தைக் கண்டுபிடித்தது.

"மதி, போதும்" என்றாள். "எறக்குங்க. வலிக்கும்."

"எதாவது எடுக்கணுமா சேச்சி?" என்று அடுத்த மேசையிலிருந்து ஒரு விற்பனைப் பெண் கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம்மா" என்றாள் உலகம்மை, கையை விடாமல். "எல்லாம் வீட்டுல இருக்கு."